பேட்டரியைக் கண்மாய் என்று சொன்ன அண்ணாச்சி

மின்சேமிப்பு நிலையத்தில் புதிதாகப் பணியேற்றிருக்கும் நண்பர்களுக்கு,

உங்கள் மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த கடிதம் இருவர் பெயருக்கு வந்தது. நான் ஒருவன்தான் எழுதுகிறேன். அண்ணாச்சி ஐப்பசியில் காலமானார்.

‘சூரிய மின்சாரத்தின் தொடக்க காலம் குறித்துச் சுருக்கமாக’ என்று கேட்டிருந்தீர்கள். தொடக்க காலமே சுருக்கமானதுதான். சில தகடுகள், சில பேட்டரிகள், அமிலம் பட்டு ஓட்டை விழுந்த சட்டைகள். அவ்வளவே எங்கள் உடைமை. உங்கள் நிலையத்தை நாங்கள் இருவரும் ஒருமுறை சுற்றிப் பார்த்திருக்கிறோம். பேட்டரிகளைக் குளிர்சாதன வசதியுடன் குடியமர்த்தியிருக்கிறீர்கள். எங்கள் துறையில் தலைமைப் பொறியாளருக்கே அந்த வசதி இருந்ததில்லை. இதைப் பொறாமையால் சொல்வதாக நினைக்க வேண்டாம் என்று எழுத நினைத்தேன். ஆனால் பொறாமையால்தான் சொல்கிறேன்.

அண்ணாச்சியின் பெயரை அச்சில் போடுவதற்கில்லை. உயிரோடு இருந்தபோதே அதை மறுத்தவர். தேனி கடைவீதியில் ரேடியோவும் டார்ச் பேட்டரியும் விற்ற குடும்பத்தில் பிறந்தவர்; ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்; எனக்குச் சில ஆண்டுகள் மூத்த பொறியாளர். தகடுகள் என் பொறுப்பு, பேட்டரிகள் அவர் பொறுப்பு. ‘வெயில் அடிக்கிற நேரம் உன்னோடது, தம்பி. மிச்ச நேரமெல்லாம் என்னோடது. யாருக்கு வேலை அதிகம்னு நீயே பாத்துக்க’ என்பார். நான் எந்தக் கதையைச் சொன்னாலும் குறுக்கிட்டுத் திருத்துவது அவர் வழக்கம். இனி நான் சொல்வதே நிற்கும். இது நியாயமான ஏற்பாடு அன்று. ஆயினும் வேறு வழியில்லை.

அவரிடம் எதற்கும் ஓர் உவமை தயாராக இருக்கும். மின்னழுத்தம் என்றால் கமிஷன் கடையில் தக்காளி விலை. மின்னோட்டம் என்றால் வந்திறங்கும் கூடைகள். ஃபியூஸ் என்றால் ரோஷக்கார மாப்பிள்ளை, ஒரு சொல் கூடினால் எழுந்து போய்விடுவார். முதுகலைப் பட்டமும் ஆய்வேடும் கையில் வைத்திருந்த நான் வரைபடங்களைச் சுவரில் மாட்டி விளக்குவேன். கேட்பவர்கள் மரியாதையாகத் தலையசைப்பார்கள். அவர் தக்காளி என்று தொடங்கியதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

வடுகபட்டியில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோதனைக்காக ஒரு தோட்டத்தில் தகடு ஒன்றை நிறுத்தியிருந்தோம். சில நாள் கழித்துப் போனால், அதன்மேல் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. நான் கோபமாகக் கேட்டதற்குத் தோட்டக்காரர் நிதானமாக, ‘நல்லா வெயிலு படுற எடமாப் பாத்து வச்சது நீங்கதான சார்?’ என்றார். அண்ணாச்சி ஒரு பூண்டை எடுத்து நசுக்கி மோந்து பார்த்தார். ‘தம்பி, ஒன் தகடு இன்னைக்குத்தான் ஒருத்தருக்கு உபயோகமா இருந்திருக்கு’ என்றார். பல ஆண்டுகள் அந்தக் கேலியைச் சுமந்தேன். அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் கண்மாய்.

கொடைக்கானலில் தொலைக்காட்சிக் கோபுரம் நிமிர்ந்த புதிது. போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஊர். பெயர் சொல்ல மாட்டேன்; அவ்வூரார் இன்றும் சண்டைக்கு வரக்கூடியவர்கள். காட்டு எல்லைக்குள் மின்கம்பம் நட அனுமதி கிடைக்காததால் அங்கே மின்சாரம் போகவில்லை. துணை சுகாதார நிலையத்தின் கூரையில் தகடுகளை வைத்தோம். பக்கத்து அறையில் பேட்டரிகள். தடுப்பு மருந்துக்கு ஒரு குளிர்பெட்டி, தெருவுக்குச் சில விளக்குகள், ஊர்ச்சாவடியில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. எங்கள் கணக்கில் அத்தனையும் குளிர்பெட்டிக்காக. ஊரார் கணக்கில் அத்தனையும் தொலைக்காட்சிக்காக.

தொடக்க நாளன்று கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, ‘வெயிலடிச்சா கரண்டு வரும், சரி. வெயிலு போனப்பெறகு?’ என்று கேட்டார். நான் வரைபடத்தை விரிப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

‘ஒங்க ஊருல கண்மாய் இருக்குல்ல? மழை பேயிறப்ப ரொப்பிக்கிறீக. மழையில்லாதப்பத் தெறந்து பாய்ச்சிக்கிறீக. பேட்டரின்னா கண்மாய். அம்புட்டுத்தான்.’

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் வரைபடம் சுருட்டியபடியே தேனிக்குத் திரும்பியது.

ஊர் அத்தோடு நிற்கவில்லை. கண்மாய் மடையைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பவருக்கு அந்தப் பக்கத்தில் நீர்க்கட்டி என்று பெயர். ஊர்ப்பெரியவரானாலும் நீர்க்கட்டியைக் கேட்காமல் மடையைத் தொட முடியாது. பேட்டரி கண்மாய் என்றால் அதன் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? ஊர் கூடி அறைச் சாவியை நீர்க்கட்டியிடம் கொடுத்தது. அவர் அதை மடைச் சாவியோடு சேர்த்து அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அண்ணாச்சிக்குப் பெருமை தாளவில்லை. ‘பாத்தியா, நிர்வாகமே தானா அமைஞ்சு போச்சு’ என்றார்.

ஆடிச் சாரல் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, குளிர்பெட்டி வேலை செய்யவில்லை என்று அந்தச் சுகாதார நிலையத்தின் நர்ஸ் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். திங்கள் காலை தடுப்பூசி முகாம். மறுநாள் காலையிலேயே ஜீப்பில் கிளம்பினோம். ‘கோயிலுக்குப் போற மனுசனக் காட்டுக்கு இழுத்துட்டு வந்துட்டியே’ என்று அண்ணாச்சி போடி வரையில் முனகினார். ஊருக்கு முன்னால் ஒரு காட்டோடை. ஜீப்பை இக்கரையில் நிறுத்திவிட்டு நடந்து கடந்தோம். நாங்கள் ஊரைச் சேர்வதற்குள் மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கிவிட்டது. அக்கரையில் டிரைவர் கைகளை வீசி ஏதோ கத்தினார். வெள்ளத்தின் இரைச்சலில் கேட்கவில்லை. அண்ணாச்சி ஜீப்பைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டார். ‘நல்லா இருக்கிற ஒரே பேட்டரியும் அங்கன நிக்கிது.’

நர்ஸ் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

‘போன மொகாமுக்கும் பெட்டி குளிரல. ஊசி இல்லேன்னு எல்லாரையும் திருப்பி அனுப்பினேன் சார். கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு மலைமேல ஏலக்காத் தோட்டத்துலருந்து எறங்கி வந்தவுக. நாளைக்கும் திருப்புனா இனிமே ஒருத்தியும் வரமாட்டா. மேல தட்டம்மை வேற பரவுது.’

‘மருந்து எங்கே இருக்கிறது?’ என்றேன்.

‘பெட்டியிலதான். நேத்து ஐஸோட கொண்டாந்தேன். ஐஸு இப்பத் தண்ணி.’ குளிர்பெட்டிக்குள் தொங்கிய வெப்பமானியைக் காட்டினார். அபாயக் கோட்டுக்குச் சற்றே கீழே நின்றது. ‘இந்தக் கோட்டத் தாண்டுச்சுன்னா அம்புட்டையும் கொட்டிருவேன். அப்ப ஒங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாக்க மாட்டேன்.’

அண்ணாச்சி பேட்டரி அறைக்குப் போய்க் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே மிதக்க வேண்டிய மிதவை அடியில் உட்கார்ந்திருந்தது; பேட்டரியில் மின்சாரம் தீர்ந்ததற்கு அதுவே அடையாளம். அடுத்ததிலும் அப்படியே. வாசலில் நின்ற நீர்க்கட்டியை அழைத்தார்.

‘ஏன்யா, ஒழுங்காத்தான பாத்துக்கிட்டீரு?’

‘என்ன சார் இப்படிக் கேட்டுட்டீக? கண்மாயக்கூட இம்புட்டு அக்கறையாப் பாத்ததில்ல. அமாவாசைக்கு அமாவாசை சுத்தமா வத்த விட்டுருவேன்.’

அண்ணாச்சி கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தார். ‘வற்ற விடுவதென்றால்?’ என்று நான் கேட்டேன்.

‘லைட்டு, டி.வி. அம்புட்டையும் போட்டு விட்டுருவேன். தானா அணையிற வரைக்கும் விடுறது. அடியில வண்டலு தங்குனா கொள்ளளவு கொறையும்ல? பழசு மேல புதுச விட்டா நாத்தமெடுத்துப் போகும். கண்மாய வத்த விட்டா மீனாவது கெடைக்கும். இதுல அதுவும் கெடையாது.’

நண்பர்களே, ஈய அமிலப் பேட்டரியை அடிவரை வற்றவிட்டு அப்படியே கிடத்துவதைக் காட்டிலும் அதற்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு வேறில்லை. அதை மாதந்தோறும், விரதம் போல, நாள் பார்த்துச் செய்திருந்தார் அந்த நல்ல மனிதர். அமாவாசை கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அதன்பின் வெயிலே அடிக்கவில்லை.

‘அதான் அமாவாசைக்கு மொதநாளே மருந்தக் கீழ அனுப்பிருவேன்’ என்றார் நர்ஸ். ‘நீங்க சொல்லித்தான் செய்யிறாகன்னு நெனச்சேன்.’

‘நான் எப்பம்மா சொன்னேன்?’

நீர்க்கட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. ‘ஊருக்கு முன்னால கண்மாயின்னு சொன்னீகளா, இல்லையா? சொல்லுங்க. கண்மாய வண்டலெடுக்காம வச்சிருக்கிற ஊரு எங்கன இருக்கு?’

நான் கூரையை ஆராய்வதுபோல அண்ணாந்து நின்றேன். அண்ணாச்சியின் பார்வை என் பிடரியில் உறைத்தது. ‘சிரிக்கணும்னா வெளிய போய்ச் சிரி, தம்பி’ என்றார். போகவில்லை, போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டேன்.

தேறாத பேட்டரிகளை விலக்கி, ஓரளவு உயிரிருந்தவற்றைத் தேர்ந்தெடுத்தோம். சாரலுக்கிடையே கிடைத்த மங்கல் வெளிச்சமும் கொஞ்சம் ஏறியது. குளிர்பெட்டி ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மறுநாள் முற்பகல் வரை தாங்கும் என்றேன். அவ்வளவு தாங்காது என்றார் அண்ணாச்சி. தொலைக்காட்சியும் ஓடினால் விடியும்வரைகூடத் தாங்காது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. அன்று ஞாயிறு. மாலையில் படம். சுற்றுவட்டாரமே சாவடிக்கு வந்துகொண்டிருந்தது.

என் முடிவு எளிமையானது. சாவடிக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, அறையைப் பூட்டி, சாவியை நாம் வைத்துக்கொள்வது.

‘நீ பூட்டுனா அந்தப் பூட்டு இருட்டுறதுக்குள்ள ஒடையும்’ என்றார் அண்ணாச்சி. ‘அவரு பூட்டுனா ஒடையாது. சாவிய அவருகிட்டருந்து புடுங்கிட்டா நாளைக்குப் பெட்டிய யாரு காப்பாத்துறது? நீயும் நானுமா இங்கன குடியிருக்கப் போறோம்?’

பிறகு நீர்க்கட்டியின் அருகே போய் உட்கார்ந்தார். ‘ஏன்யா, கண்மாயில தண்ணி மடைக்குக் கீழ போயிருச்சுன்னா என்ன செய்வீரு?’

‘அண்ணாச்சி, மறுபடியும் கண்மாயா?’ என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

‘இந்த ஒரு தடவதான். உள்ள வந்த வழியாத்தான வெளிய போகணும்’ என்றார் தமிழில்.

நீர்க்கட்டி யோசிக்கவே இல்லை. ‘மடைக்குக் கீழ கெடக்கிறது ஆடு மாட்டுக்கு சார். நெல்லு கருகுனாலும் தொடமாட்டோம். கேக்கவும் மாட்டாக.’

‘இப்ப மடைக்குக் கீழ வந்துருச்சுய்யா.’

நீர்க்கட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மிதவைக் குழாயைக் காட்டச் சொன்னார். அடியில் கிடந்த மிதவையை வெகுநேரம் பார்த்துவிட்டு, கழற்றி வைத்திருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு சாவடிக்கு நடந்தார்.

அங்கே திரையின் முன்னால் பாய் விரித்து இடம் பிடித்திருந்தார்கள். ‘இன்னைக்குப் படம் இல்ல’ என்றார் நீர்க்கட்டி. எழுந்த கூச்சலை அப்படியே எழுதுவதற்கு உங்கள் மலர் இடங்கொடாது.

‘ஏலே, படம் இல்லேன்னா இந்தப் பொட்டி எதுக்கு? உள்ள கோழி அடைக்கவா?’

‘மடைக்குக் கீழ போயிருச்சு. மிச்சம் இருக்கிறது புள்ளைக மருந்துக்கு.’

சத்தம் குறைந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் மட்டும், ‘பாட்டு வார எடத்துக்கு மட்டுமாச்சும் போட்டு அமத்துனா என்ன?’ என்றார்.

‘மடைக்குக் கீழ போனப்பெறகு ஒன் வயலுக்குன்னு கேட்டா நான் தெறப்பனா?’

‘தெறக்க மாட்டீக.’

‘அப்ப பாயச் சுருட்டு.’

நான் கற்ற நிர்வாகவியலில் இத்தனை சுருக்கமான ஆணையைக் கண்டதில்லை. ஆயினும் வெகுதூரம் நடந்து வந்தவர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதாக எண்ணி அண்ணாச்சி அன்றைய படத்தின் கதையைத் தாமே சொல்லத் தொடங்கினார். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்பது பாதியில்தான் தெரிந்தது. கதாநாயகனுக்கு இரண்டு தாய்கள் வந்துவிட்டார்கள். ‘மொதத் தாயி என்ன ஆனா?’ என்று ஒரு பெண் கேட்க, ‘அவுக ஊருக்குப் போயிருக்காக’ என்றார். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. நீர்க்கட்டி மண்வெட்டியுடன் பேட்டரி அறை வாசலில் போய் உட்கார்ந்தார், கண்மாய்க் காவலுக்கு உட்காருவதுபோல.

காலையிலும் சாரல் விடவில்லை. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அதற்குள் பிள்ளைகளை அணைத்தபடி தாய்மார்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். வாசலில் நின்றார்கள், உட்காரவில்லை. மறுபடியும் திரும்பிப் போகத் தயாரானவர்களின் நிற்பு அது. குளிர்பெட்டியின் முனகல் ஓய்ந்து ஓய்ந்து கேட்டது. நர்ஸ் மூடியைத் திறந்து, வெப்பமானியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெப்பமானியை உள்ளே வைத்து மூடினார். கை கழுவினார்.

‘மொத ஆள வரச்சொல்லுங்க’ என்றார்.

அண்ணாச்சியைக் காணவில்லை. தேடிப் போனேன். கட்டடத்துக்குப் பின்னால், ஏற்கெனவே முடுக்கியிருந்த ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். ‘தெரியும்’ என்றார். தெரிந்திருக்க வழியே இல்லை. உள்ளே முதல் பிள்ளை வீறிட்டு அழுதபோதுதான் திருகிலிருந்து கையை எடுத்தார்.

இங்கே உங்களுக்கு நான் ஏதேனும் அறிவுரை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். உங்கள் திரையில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று ஓர் எண் ஓடுகிறது. எங்களுக்கு அது இல்லை. அதைக் கண்டு உண்மையாகவே மகிழ்கிறேன். ஆனால் எது குறைந்தால் யாருக்கு முதலில் நிறுத்துவது என்று அந்த எண் சொல்லாது. அதைத் தட்டுப்பாடு வந்த பிறகு முடிவு செய்யாதீர்கள். யார் சொன்னால் மற்றவர்கள் பாயைச் சுருட்டுவார்கள் என்பதை அதற்கும் முன்பாகவே தெரிந்துகொள்ளுங்கள். அவர் உங்களில் ஒருவராக இருக்க வாய்ப்பில்லை. இதைச் சொல்வதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சியும் உண்டு.

முகாம் முடிந்ததும் நீர்க்கட்டி வந்தார். ‘சார், ஒரு சோலி பாக்கி இருக்கு. கண்மாயின்னு ஊருக்கு முன்னால சொன்னீக. நான் மட்டும் இல்லேன்னு சொன்னா நாளைக்கு எவனும் கேக்க மாட்டான். அடுத்த அமாவாசைக்கு வத்த விடலையான்னு அவுகளே வந்து நிப்பாக. சொன்னவுகளே வார்த்தைய எடுத்துட்டுப் போகணும்.’

நியாயமான கோரிக்கை. ஊர் மீண்டும் சாவடியில் கூடியது. ஊசி போட்ட பிள்ளைகளைத் தோளில் தட்டியபடி மலைப்பெண்களும் நின்றார்கள். அண்ணாச்சி நடுவில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

‘பேட்டரி கண்மாய் இல்ல. வத்த விடக் கூடாது. வண்டலெல்லாம் கெடையாது.’

கூட்டத்தில் ஒரு பெண், ‘அப்ப அது என்னதான்யா?’ என்று கேட்டாள்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அவருக்குள் தக்காளிக் கூடைகளும் மாப்பிள்ளைகளும் வரிசையாக வந்து போவதை என்னால் பார்க்க முடிந்தது. ஒன்றையும் அவர் நம்பத் தயாராக இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார். எத்தனையோ ஆண்டுப் பழக்கத்தில் அவர் என்னிடம் உதவி கேட்டது அந்த ஒரு முறைதான். நான் பூண்டை நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

‘அது பாதிக்கு மேல செலவழிக்கக் கூடாத ஒரு சாமான், ஆத்தா’ என்றார் கடைசியில். ‘பாதியானதும் நிறுத்திப்புடணும். அம்புட்டுத்தான்.’

‘அம்புட்டுத்தானா?’ என்றாள் அவள். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ‘இத அன்னைக்கே சொல்லியிருந்தா எங்களுக்குப் புரியாதாக்கும்?’

அண்ணாச்சி பையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஊர் எல்லை வரை முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார், அதற்கப்புறம் முடியவில்லை. ஓடை முழங்காலுக்கு வடிந்திருந்தது. நடு ஓடையில் சிரிப்புத் தாளாமல் கால் வழுக்க, என் தோளைப் பற்றிக்கொண்டார். டிரைவர் அக்கரையிலிருந்து, ‘என்ன சார் ஆச்சு? என்ன சார் ஆச்சு?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருவராலும் சொல்ல முடியவில்லை. கரையேறிய பிறகும் அண்ணாச்சி வெகுநேரம் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.